கருவால் மான் தேடி இரண்டு அக்டோபர்

முதல் வருடம் அக்டோபரில் ஒன்பது நாள் காட்டுக்குப் போனேன். தினமும் எட்டு மைல், பத்து மைல் நடை. மொத்தம் ஐந்து மான் கண்ணில் பட்டது. ஐந்தாவதின் கதையைப் பிறகு சொல்கிறேன். மற்ற நான்கும் என்னைப் பார்த்து ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டவை. துப்பாக்கி தோளுக்கு வருவதற்குள் புதருக்குள் போய்விட்டன. இரண்டாம் வருடம் ஒரே ஒரு சரிவை மட்டும் எடுத்துக்கொண்டேன். அரை மைல் நீளம், கால் மைல் அகலம். ஆறாம் நாள் மான் கிடைத்தது. இடையில் என்னவெல்லாம் மாற்றினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்கள் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் யாராவது இதைக் கற்றுக்கொள்ள நினைத்தால், என் முதல் வருடத்தை அவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

நான் போகும் இடம் ஒலிம்பியா நகருக்குத் தென்மேற்கே உள்ள கேப்பிடல் ஸ்டேட் ஃபாரஸ்ட். வாஷிங்டன் மாநில இயற்கை வளத் துறையின் நிலம், 1 லட்சம் ஏக்கருக்கு மேல். டக்ளஸ் ஃபர் மரங்களை நட்டு, வளர்த்து, மொத்தமாக வெட்டி, திரும்பவும் நடும் காடு அது. அதனால் மேலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கும்: ஒரு துண்டு வெறும் அடிக்கட்டைகள், பக்கத்துத் துண்டு இடுப்பளவு கன்றுகள், அடுத்தது பகலிலும் இருட்டாக இருக்கும் பெருமரங்கள். வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ் வேண்டும். வேட்டை உரிமத்தோடு வரும் வாகன அனுமதி மீன், வனவிலங்குத் துறையின் நிலங்களுக்கு மட்டும்தான், இங்கே செல்லாது.

கருவால் மான் என்று நான் சொல்வது பிளாக்டெயில். மியூல் மானின் ஓர் உள்ளினம். கலிஃபோர்னியாவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா வரை, பசிபிக் கடற்கரைக்கும் மலைத்தொடருக்கும் நடுவில் வாழ்வது. வாஷிங்டனில் கேஸ்கேட் மலைமுகட்டுக்கு மேற்கே இருப்பது இது, கிழக்கே போனால் மியூல் மான். மியூல் மானின் வெள்ளை வாலில் நுனி மட்டும் கறுப்பு. இதற்கு வாலின் மேற்புறம் முழுக்கக் கறுப்பு. ஆனால் வேட்டைக்கு வருகிறவருக்கு முக்கியமான வித்தியாசம் வாலில் இல்லை. மியூல் மானைத் திறந்தவெளியில் தூரத்திலிருந்து பைனாகுலரில் தேடலாம். கருவால் மான் அடர்ந்த காட்டை விட்டு வெளியே வருவதே இருட்டில்தான். வளர்ந்த ஆண் மான் பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்குள்ளேயே காலத்தை ஓட்டிவிடும். நீங்கள் அதைப் பார்க்கவில்லை என்பதற்காக அது அங்கே இல்லை என்று நினைக்கக் கூடாது. முதல் வருடம் நான் செய்த பெரிய தப்பு அதுதான். ஒரு இடத்தில் இரண்டு மணி நேரம் எதுவும் தெரியவில்லை என்றால் "இங்கே மான் இல்லை" என்று அடுத்த மலைக்குப் போய்விடுவேன்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். அது சரியான சட்டம் என்றே நான் நினைக்கிறேன். இங்கே முறை வேறு. எந்தப் பகுதியில், எந்தத் தேதிகளில், எந்த மானை எடுக்கலாம் என்று மாநிலம் வரையறுக்கிறது. ஒருவருக்கு ஒரு டேக், அதாவது மானோடு கட்டும் அனுமதிச் சீட்டு, ஒரு மான். ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் நாம் கொடுக்கும் விலைக்குள், தயாரிப்பாளரிடம் வாங்கும் 11 சதவீதக் கூட்டரசு வரி அடங்கியிருக்கிறது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கே மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. வாஷிங்டனில் 1972 ஜனவரி 1க்குப் பின் பிறந்த யாரும் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் முதல் உரிமம் வாங்க முடியும். சான்றிதழுக்காக மட்டும் அந்த வகுப்புக்குப் போகாதீர்கள். துப்பாக்கியே தொட்டிராத எனக்கு, எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினைக்க வேண்டும், சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது என்ற பழக்கமெல்லாம் உடம்பில் ஏறியது அங்கேதான்.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. .308, .270, .30-06 எந்தத் தோட்டா அளவானாலும் இந்த மானுக்குப் போதும். என்னுடையது .308 போல்ட் ஆக்‌ஷன். தோட்டாவை மட்டும் முழுச் செம்பாக வாங்குங்கள். ஈயத் தோட்டா உடைந்து பொடித்துகள் கறியில் கலக்கும். காட்டில் நாம் விட்டுவரும் குடலைத் தின்ன வரும் கழுகுக்கும் அது நஞ்சு. 100 கெஜத்தில் குறி சரிபார்த்துக்கொண்டால் 200 கெஜத்தில் மூன்று நான்கு அங்குலம்தான் கீழே இறங்கும். எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை 150 கெஜம். சுடுதளத்தில் மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவதைக் குறி சரிபார்ப்பதோடு நிறுத்திவிட்டு, மீதித் தோட்டாவையெல்லாம் முட்டி போட்டும், நின்றும், தூணில் சாய்ந்தும் செலவழியுங்கள். காட்டில் மேசை கிடையாது.

துப்பாக்கி மேல் மாட்டும் குறிநோக்கியான ஸ்கோப்பில்தான் நான் ஒரு மானை இழந்தேன். முதல் வருடம், ஏழாம் நாள். இடுப்பளவு கன்றுகளுக்கு நடுவில், இருபது கெஜத்தில் ஒரு ஆண் மான் தலையைத் தூக்கியது. காலையில் தூரத்துச் சரிவைப் பார்ப்பதற்காக ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்தவன், திருப்பிக் குறைக்கவில்லை. கண்ணை வைத்தால் பழுப்பு நிறம் மட்டும்தான் தெரிகிறது. கழுத்தா, தொடையா, காய்ந்த பெரணியா என்றே தெரியவில்லை. விசையைத் தொடாமல் ஸ்கோப்பை எடுத்துப் பார்த்தபோது அங்கே கன்றுகள் ஆடிக்கொண்டிருந்தன. சுடாமல் விட்டது சரி. ஆனால் ஸ்கோப்பின் உருப்பெருக்க வளையம் 3இல் இருந்திருக்க வேண்டும். இப்போது வண்டியை விட்டு இறங்கும்போதே 3க்குத் திருப்பிவிடுகிறேன். தூரத்தில் மான் நின்றால் கூட்டிக்கொள்ள நேரம் இருக்கும், அருகில் நின்றால் இருக்காது.

உடை விஷயத்தில் மூன்று சொல்லிவிடுகிறேன். பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ ஃப்ளீஸோ போடுங்கள். மேலே மழைக்கோட்டு நைலான் என்றால் ஒவ்வொரு கிளை உரசும்போதும் சர் சர் என்று கேட்கும், அதனால் சத்தம் போடாத துணியாகப் பாருங்கள். ரைஃபிள் வேட்டைக்காலத்தில் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறம் தெரிய வேண்டும் என்பது சட்டம். மான் அந்த நிறத்தை நம்மைப் போல் பார்ப்பதில்லை. அசைவைத்தான் பார்க்கிறது.

இரண்டாம் வருட வேலை ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கியது. முதலில் வரைபடத்தில், வெட்டி நான்கு முதல் பத்து வருடம் ஆன துண்டுகளைக் குறித்தேன். வெட்டிய இடத்தில் வெயில் விழுந்ததும் படரும் பிளாக்பெர்ரி, ஹக்கிள்பெர்ரி, ஃபயர்வீட், சலால் எல்லாம் கிளம்பும், மானுக்கு அது விருந்து. பதினைந்து இருபது வருடம் ஆனால் கன்றுகள் கூடிக் கூரை போட்டுவிடும், கீழே ஒன்றும் முளைக்காது. அப்படிப்பட்ட தீனி நிலத்தில், ஒரு பக்கம் பெருமரக் காடும், இன்னொரு பக்கம் ஓடையும் தொடும் ஓர் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பூட்டிய கேட்டைத் தாண்டி முக்கால் மைல் நடக்க வேண்டும். அந்த முக்கால் மைலே பாதிப் பேரைத் தடுத்துவிடும்.

அங்கே ஓடைக்கு மேலே கட்டைவிரல் பருமனில் ஓர் ஆல்டர் கன்று. முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை பட்டை உரிந்து தொங்கியது. ஆல்டரின் உள்பட்டை உரித்தவுடன் வெளுப்பாக இருக்கும், காற்றுப் பட்டதும் செங்கல் கலந்த ஆரஞ்சுக்கு மாறும். இது முழுக்க மாறவில்லை. மேல்பகுதியில் செம்மை ஏறியிருந்தது, அடியில் ஈரம் பளபளத்தது. விரலை வைத்தால் பிசுபிசுப்பு. உரிந்த நாரின் நுனிகள் மேல்நோக்கிப் பிய்ந்திருந்தன, கீழே தரையில் அதன் தூள். கோடையில் கொம்பை மூடியிருக்கும் மெல்லிய தோலை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் ஆண் மான் இப்படி உரசிக் கழற்றும். பெட்டை உரசாது. பத்து மைல் நடந்தும் கிடைக்காத தகவல் அந்த ஒரு கன்றில் இருந்தது: ஆண் மான் ஒன்று இந்த வாரம், இந்த இடத்தில் நின்றிருக்கிறது. சுற்றி மண்டியிட்டுத் தேடினேன். புழுக்கை கறுத்து, பளபளப்பாக, அழுத்தினால் நசுங்கியது. காய்ந்து வெளிறியதென்றால் பழசு. அங்கிருந்து பெருமரக் காட்டுக்குள் ஒரு தடம் போனது, மனிதன் குனிந்தால்தான் நுழைய முடியும்.

ஒரு தானியங்கிக் கேமராவை அந்தத் தடத்தில் கட்டினேன். செப்டம்பர் முழுக்க ஆண் மான் படங்கள் எல்லாம் இரவு பத்துக்கும் காலை ஐந்துக்கும் இடையில். புதியவர்கள் இங்கேதான் மனம் உடைந்துபோகிறார்கள். பொறுங்கள். நவம்பர் நடுவில் இணைகூடும் காலம் உச்சத்துக்கு வரும். அதற்கு முன்பே, அக்டோபர் கடைசி வாரத்தில், ஆண் மான் பெட்டைகளைத் தேடிப் பகலிலும் நடமாட ஆரம்பிக்கும். பொது ரைஃபிள் காலம் அக்டோபர் நடுவில் தொடங்கி 31ஆம் தேதி முடிகிறது. விடுமுறையைச் சேர்த்துவைத்து அந்தக் கடைசி ஐந்து நாளில் எடுங்கள். மேற்குப் பக்கத்தில் பல பகுதிகளில் நவம்பர் நடுவில் நான்கு நாள் பின்பருவமும் உண்டு. உங்கள் பகுதிக்கு இருக்கிறதா, ஒரு பக்கக் கொம்பில் இரண்டு கிளை கட்டாயமா என்பதை அந்த வருட விதிப்புத்தகத்தில் பாருங்கள்.

காற்று பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. மானின் கண்ணையும் காதையும் ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. காற்றின் திசை பார்க்கப் பொடி ஊதும் குப்பியை விட எனக்கு உதவியது மில்க்வீட் பஞ்சு. நம் எருக்கஞ்செடியின் உறவு அது. சின்ன வயதில் எருக்கங்காய் வெடித்த பஞ்சை ஊதி விளையாடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஓர் இழையை விட்டால் அறுபது எழுபது அடி தூரம் கண்ணுக்குத் தெரிந்தபடியே மிதந்து போகும். நாம் நிற்கும் இடத்தில் காற்று ஒரு பக்கம், இருபது கெஜம் தள்ளி ஓடைப் பள்ளத்தில் வேறு பக்கம் என்பதை அந்த இழைதான் காட்டியது. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும். வெயில் ஏறியதும் மேலே எழும்பும். மாலையில் திரும்பவும் இறங்கும். நான் காலையில் கீழிருந்து மேலே போனதற்கு அதுதான் காரணம். காற்று திரும்பும் ஒன்பதரை, பத்து மணி வாக்கில் உட்கார்ந்துவிடுவேன்.

அடுத்தது நடை. இரண்டு காலடி, அதிகம் போனால் மூன்று காலடி. பிறகு ஒரு மரத்தை ஒட்டி நின்று மூன்று நிமிடமாவது பார்க்க வேண்டும். கடிகாரத்தை வைத்துப் பழகினேன், இல்லையென்றால் முப்பது விநாடியிலேயே கால் கிளம்பிவிடும். நூறு கெஜத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் வேகம் சரி. முழு மானைத் தேடாதீர்கள். செங்குத்தான மரங்களுக்கு நடுவே ஒரு கிடைக்கோடு இருந்தால் அது முதுகாக இருக்கலாம். ஈரமான மூக்கின் மினுப்பு, காதின் உள்வெண்மை, ஈயை விரட்டும் ஒரு துடிப்பு என்று துண்டுதுண்டாகத்தான் அது தெரியும். பத்து கெஜத் தூரத்துக்குக்கூடப் பைனாகுலரைப் பயன்படுத்துங்கள். 8 மடங்கு போதும். முன்னால் இருக்கும் இலை மங்கலாகி, அதன் இடுக்கு வழியே பின்னால் இருப்பது தெளிவாகும். மழை தூறினால் வீட்டில் இருக்காதீர்கள், காலடிச் சத்தத்தை அமுக்கிவிடும் நாள் அது. பெருங்காற்றோடு வந்த மழை ஓய்ந்த காலை இன்னும் நல்லது, இரவெல்லாம் அடங்கிக் கிடந்த மான்கள் தீனிக்கு எழும்.

அக்டோபர் 29 அப்படிப்பட்ட காலை. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம். அன்று சுடும் நேரம் தொடங்கியது 7.20 வாக்கில். ஆல்டர் கன்றுக்கு அறுபது கெஜம் கீழே நின்றிருந்தேன். எட்டேகாலுக்கு ஒரு பெட்டையும் அந்த வருடக் குட்டியும் தடத்தில் வந்து பிளாக்பெர்ரி மேய்ந்தன. முதல் வருடமாக இருந்தால் நான் நகர்ந்திருப்பேன். பெட்டை இரண்டு தடவை வந்த வழியையே திரும்பிப் பார்த்தது. அதனால் நானும் அங்கேயே பார்த்தேன். பதினைந்து நிமிடம் கழித்து, கழுத்தை நீட்டி மூக்கைத் தரையோடு வைத்தபடி ஆண் மான் வந்தது. இரண்டு பக்கமும் இரட்டைக் கிளைக் கொம்பு. ஐம்பது கெஜம். வைன் மேப்பிள் கிளை ஒன்று அதன் தோளை மறைத்திருந்தது. மரத்தில் இடது கையைச் சாய்த்துக் காத்திருந்தேன். அது ஓர் அடி வைத்தது. முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுட்டேன்.

மான் குதித்துப் பெருமரக் காட்டுக்குள் ஓடியது. உடனே பின்னால் ஓடாதீர்கள். நுரையீரலில் பட்ட மான் விரட்டாமல் விட்டால் அருகிலேயே விழும், விரட்டினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நான் நின்ற இடத்தில் ஆரஞ்சு நாடா ஒன்று கட்டினேன், அது நின்ற இடத்தை ஒரு அடிக்கட்டையை வைத்து மனத்தில் பதித்தேன், அரை மணி நேரம் உட்கார்ந்தேன். தூறல் வலுத்தால் ரத்தம் கழுவிப் போய்விடும் என்ற பயம் வேறு. போய்ப் பார்த்தபோது பெரணி இலையின் அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பாக, சின்னக் குமிழிகளோடு ரத்தம். நுரையீரல்தான். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் பல மணி நேரம் பொறுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு துளிக்கும் ஒரு நாடா கட்டிக்கொண்டே போனேன். நாற்பது கெஜத்தில் ஒரு விழுந்த மரத்தின் மறுபக்கம் கிடந்தது. குச்சியால் கண்ணைத் தொட்டு அசைவில்லை என்று உறுதி செய்தேன். பக்கத்தில் மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் கையை அதன் கழுத்தில் வைத்திருந்தேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. என் கை நடுங்கியது.

முதல் வேலை டேக். மாதத்தையும் தேதியையும் வெட்டி எடுத்துக் கொம்பில் கட்டினேன். பிறகு மதுரைக்கார நண்பனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, மான் விழுந்துடுச்சுடா. முதுகுல மாட்டுற சட்டகப் பையை எடுத்துக்கிட்டு கேட்டுக்கு வா."

"நிஜமாவா! ஒரு மணி நேரத்துல வர்றேன். தனியாத் தூக்காத, முதுகு போயிடும்."

தலை மேட்டுப்பக்கமாக மல்லாக்கப் படுக்க வைத்தேன். குலதெய்வக் கோயில் கிடாவெட்டில் அப்பாவுக்குக் கால் பிடித்துக்கொடுத்த அனுபவம் கைக்கு வந்தது. பின்காலின் உட்பக்க மூட்டில் கறுத்து நாறும் சுரப்பியைத் தொடக் கூடாது. தொட்ட கையாலும் கத்தியாலும் கறியைத் தொட்டால் நாற்றம் ஏறும். வயிற்றில் தோலை மட்டும் சின்னதாகக் கீறி, இரண்டு விரலை உள்ளே விட்டு சவ்வைத் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே கத்தியின் கூர் மேலே பார்த்தபடி நெஞ்செலும்பு வரை கொண்டுபோனேன். இப்படிச் செய்தால் குடலில் கத்தி படாது. ஆவி எழும்பியது. உதரவிதானத்தை விலா ஓரமாக அறுத்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு மூச்சுக்குழலைப் பிடித்து அறுத்தால், பக்கவாட்டில் உருட்டியதும் எல்லாம் மொத்தமாக வெளியே வரும். ஈரலையும் இதயத்தையும் தனியாக எடுத்து வைத்தேன். இரைப்பையைத் திறந்து பார்ப்பதை விடாதீர்கள். பிளாக்பெர்ரி இலையும் சலாலுமாகப் பச்சையாக அரைபட்டுக் கிடந்தது. அடுத்த வருடம் எங்கே நிற்பது என்பதற்கு அதைவிட நல்ல குறிப்பு இல்லை.

நண்பன் வந்ததும் தோலை உரித்து நான்கு காலையும் முதுகுக்கறியையும் கழுத்தையும் தனித்தனித் துணிப்பைகளில் போட்டோம். ஆணா பெட்டையா என்று காட்டும் உறுப்பு ஒரு பெரிய துண்டோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது விதி, அதைக் கவனித்து அறுத்தோம். பிளாஸ்டிக் பை வேண்டாம், சூடு அடங்காமல் கறி கெட்டுவிடும். இரண்டு நடையில் வண்டிக்கு வந்து சேர்ந்தது. எலும்பு நீக்கி நிறுத்தபோது 47 பவுண்டு. ஜனவரி 31க்குள் வேட்டை அறிக்கையை இணையத்தில் பதிந்தாக வேண்டும். மான் கிடைக்காதவர்களும் பதிய வேண்டும், இல்லையென்றால் 10 டாலர் அபராதம்.

சமையலுக்கு ஒரே எச்சரிக்கை, மான் கொழுப்பை ஆட்டுக் கொழுப்பு மாதிரி விட்டுவைக்காதீர்கள். மெழுகாக உறைந்து அண்ணத்தில் ஒட்டும். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் சீவி எடுத்துவிடுங்கள். முதுகுக்கறியை மிளகும் உப்பும் தடவி இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, உள்ளே இளஞ்சிவப்பு இருக்கும்போதே இறக்கினேன். கழுத்தும் கால்சப்பையும் குக்கரில் சின்ன வெங்காயத்தோடு ஏழு விசில். தொடையில் ஒரு பங்கை மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி, இங்கே வெயிலை நம்ப முடியாததால், மின் உலர்த்தியில் உப்புக்கண்டம் போட்டேன். நண்பன் வீட்டுக்குப் பத்து பவுண்டு போனது. கடைசிப் பொட்டலம் ஜூன் மாதம் தீர்ந்தது.